ஊருக்கு ஒரு மீட்புக் குழு: படகுக்கு முன்னால் பயிற்சி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இருபது பேருக்கு மேல் இளைஞர்கள் சேர்ந்து மீட்புக் குழு தொடங்கியிருக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ரப்பர் படகு வாங்கலாமா, தேடல் மீட்புப் பயிற்சி என்றால் என்னவெல்லாம் கற்க வேண்டும், யார் கற்றுத் தருவார்கள்?

படகை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஆளுக்கொரு நல்ல லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், விசில், தலையில் மாட்டும் டார்ச், தண்ணீரில் மிதக்கிற கயிறு, இவற்றை முதலில் வாங்குங்கள். மீதிப் பணம் பயிற்சிக்கும், வருடாவருடம் அந்தப் பயிற்சியைப் புதுப்பிக்கவும் இருக்கட்டும். படகு கையில் இருந்தால், போகக்கூடாத தண்ணீருக்குள்ளும் போகச் சொல்லி ஊர் நெருக்கும். பயிற்சி இல்லாத குழுவால் அந்த நெருக்கடிக்கு ‘முடியாது’ என்று சொல்ல முடியாது. நல்ல படகும் அதை ஓட்டத் தெரிந்தவர்களும் உங்கள் மாவட்டக் கடற்கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு இப்போதே பழக்கம் வைத்துக்கொள்வது ஒரு படகு வாங்குவதைவிடப் பெரிய காரியம்.

உள்ளூர்க் குழு வேண்டுமா என்ற சந்தேகமே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. சாலை அறுந்துபோனதால் மீட்புப் படையால் உடனே அங்கே போய்ச்சேர முடியவில்லை. அந்த இடைவெளியில் அத்தனை பேருக்கும் சோறு ஆக்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் எவ்வளவு திறமையானது என்றாலும், ஏரலுக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து சேர சாலை இருக்க வேண்டும்.

உலகம் முழுக்க இதே கதைதான். 1995 கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து வெளியே எடுக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் எடுத்தவர்கள் என்று ஜப்பானிய மதிப்பீடுகள் சொல்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் சில மணி நேரத்திலேயே எடுத்ததால் அவர்கள் மீட்டவர்களில் பிழைத்தவர்களும் அதிகம். இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சி இல்லாத பொதுமக்கள் நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். அந்த முயற்சியில் அவர்களிலேயே நூறு பேருக்கு மேல் செத்தும் போனார்கள். அதே வருடம் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை அக்கம்பக்கத்து மக்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தது. அது பின்னால் அமெரிக்கா முழுவதும் பரவியது. எப்படியும் மக்கள் ஓடி வரத்தான் போகிறார்கள், ஓடி வருகிறவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் குழுவுக்கும் இதையே நான் முதல் பாடமாகச் சொல்வேன்.

அதனால் கயிறு, கடப்பாரை எதையும் தொடுவதற்கு முன்னால், சம்பவ இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்கப் பழக வேண்டும். இங்கே என்ன நடந்தது, இன்னும் என்ன நடக்கலாம், எத்தனை பேர் சிக்கியிருக்கலாம், நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மால் ஆகாதது எது. அந்த ஒரு நிமிடத்தில் ஒருவர் தலைவர் ஆகிவிட வேண்டும். வயதில் மூத்தவர் என்பதற்காகவோ ஊரில் பெரிய வீட்டுப் பிள்ளை என்பதற்காகவோ யாரையும் தலைவர் ஆக்காதீர்கள். முதலில் வந்து சேர்கிற பயிற்சி பெற்றவர் தலைவர். அவரைவிட அனுபவம் உள்ளவர் வந்தால், நிலைமையைச் சொல்லி வெளிப்படையாக ஒப்படைக்க வேண்டும். தீயணைப்புத் துறை வந்ததும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் கேட்கும் வேலையைச் செய்ய வேண்டும். தலைவர் கை வேலையில் இறங்கக் கூடாது. இறங்கினால் மொத்த இடத்தையும் பார்க்கிற கண் ஒன்று குறைந்துவிடும்.

இனி தண்ணீர். உங்கள் ஊருக்கு இதுதான் முதல் ஆபத்து, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்களுக்கு வெள்ளத்தில் நீந்துவது தெரியும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் நிறைய உயிர்களை வாங்கியிருக்கிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரிய ஆளின் கால் நிலை தடுமாறும். ஓரடியில் சின்னக் கார் மிதக்க ஆரம்பிக்கும், இரண்டடியில் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். தரைப்பாலத்தில் ‘முழங்கால் அளவுதானே’ என்று இறங்குகிறவர்களைக் கயிறு கட்டித் தடுப்பதே உங்கள் குழு செய்யக்கூடிய பெரிய மீட்பு வேலைகளில் ஒன்று. அந்த வேலைக்கு இரண்டு பேரும் ஒரு மூங்கிலும் போதும். ஆனால் ராத்திரி முழுக்க அங்கேயே நிற்க வேண்டும்.

தண்ணீரில் தத்தளிக்கிறவரை எடுக்க ஒரு வரிசை உண்டு. முதலில் கரையிலிருந்தே எட்டிக் கொடுப்பது: மூங்கில், துடுப்பு, சேலை, எதுவானாலும் சரி. எட்டவில்லை என்றால் எறிவது: கயிறு, கயிறு கட்டிய காலி பிளாஸ்டிக் கேன், டியூப். அதற்கும் வழியில்லை என்றால் படகு. கடைசியில்தான் ஆள் இறங்குவது, அதுவும் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர், லைஃப் ஜாக்கெட்டோடு. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் ஒருவர் குதிக்கிறார், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார். மூழ்குகிறவர் பயத்தில் பக்கத்தில் வருகிறவரின் தலையைப் பிடித்து அமுக்குவார். அதற்கு ஈடுகொடுக்க நீச்சல் மட்டும் போதாது.

கயிறு எறிவதை நீங்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே பழகலாம். பதினைந்து, இருபது மீட்டர் மிதக்கும் கயிற்றை ஒரு பைக்குள் திணித்து வைத்திருப்பார்கள். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை எறிய வேண்டும், அது ஆளைத் தாண்டி விழ வேண்டும். எறிவதற்கு முன் ‘கயிறு, கயிறு’ என்று கத்தி அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். அவர் மல்லாந்து கிடந்து கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டால், ஓட்டமே அவரை வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இழுத்துப் போராட வேண்டியதில்லை, நின்ற இடத்தில் கால் ஊன்றிப் பிடித்திருந்தால் போதும். கயிற்றை உங்கள் கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள். இறங்குகிறவரின் இடுப்பில் சாதாரணக் கயிற்றைக் கட்டி அனுப்பும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஓட்டத்தில் கயிறு இறுகியதும் தண்ணீர் அவரை அடியில் அமுக்கிவிடும், முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. நொடியில் கழற்றிவிடக்கூடிய பட்டை வைத்த, அதற்கென்றே தைத்த ஜாக்கெட்டில் மட்டும்தான் கயிறு கோக்கலாம்.

அடித்துச் செல்லப்பட்டால் என்ன செய்வது என்பதையும் உடம்பால் பழக வேண்டும். மல்லாந்து, கால் இரண்டும் ஓட்டம் போகிற பக்கம் பார்த்து, பாதம் தண்ணீருக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும். நடுவில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறையிடுக்கில் மாட்டும், ஓட்டம் ஆளை முன்னால் மடக்கித் தள்ளும். நெஞ்சளவுத் தண்ணீரில் நல்ல நீச்சல்காரர்கள் இப்படித்தான் போய்விடுகிறார்கள்.

மருதூர் அணைக்கட்டும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் உங்கள் பக்கத்தில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தடுப்பணையைத் தாண்டி விழுகிற தண்ணீர் அடியில் சுழன்று, மேலே வரும்போது மறுபடி அணைச்சுவரை நோக்கியே திரும்பும். அதில் விழுந்தவரை அது உருட்டிக்கொண்டே இருக்கும். நுரை கலந்த தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டின் மிதக்கும் சக்தியும் குறைந்துவிடும். பார்க்க அழகாக, உயரம் குறைவாக இருப்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. அணைக்கட்டுக்குக் கீழே அந்தச் சுழலுக்குள் படகும் போகக் கூடாது, ஆளும் இறங்கக் கூடாது என்பதை எழுதி வைத்த விதியாக்குங்கள். அங்கே செய்யக்கூடியது கரையிலிருந்து கயிறு எறிவது, ஓட்டம் போகிற பக்கம் கொஞ்சம் தள்ளி நம் ஆட்களை நிறுத்தி வைப்பது, 101 அல்லது 112-க்குச் சொல்வது.

எந்த வெள்ள மீட்பிலும் மூன்று இடத்தில் ஆள் வேண்டும். மேலே, ஓட்டம் வருகிற பக்கம் ஒருவர்: மரம், சிலிண்டர், செத்த மாடு என்று அடித்து வருவதைப் பார்த்து விசில் அடிக்க. நடுவில் மீட்கிறவர்கள். கீழே கயிறோடு இரண்டு பேர், நடுவில் இருப்பவர்கள் தவறவிட்டால் பிடிக்க. கீழே நிற்கும் ஆட்கள் தயாராகும்வரை நடுவில் யாரும் வேலையைத் தொடங்கக் கூடாது.

மீனவர் படகைப் பற்றி. 2015-இல் சென்னையிலும், 2018-இல் கேரளத்திலும், 2023-இல் தூத்துக்குடியிலும் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மீனவர்கள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். கடலில் அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் ஓடுகிற வெள்ளத்தில் அவர்களுக்குத் தெரியாதவை உண்டு: எந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் முழுகிக் கிடக்கிறது, எங்கே கிணறு, எங்கே ஓடைப்பாலம், எந்தக் கம்பி தாழ்வாகத் தொங்குகிறது. அதெல்லாம் தெரிந்தவர்கள் நீங்கள். ஒவ்வொரு படகுக்கும் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து வழி சொல்வது என்று ஏற்பாடு செய்துவிட்டால், அந்தப் படகு இரண்டு மடங்கு வேலை செய்யும். ஆளை ஏற்றும்போது இன்ஜினை நிறுத்த வேண்டும், மூச்சு விட முடியாத அவசரத்திலும் இதை மறக்கக் கூடாது. மின்சாரத்துக்கு மின்வாரிய அலுவலகத்தில் யாருடைய எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே வாங்கி வையுங்கள். லைன் நிறுத்தியாச்சு என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகும், ஏதாவது வீட்டில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது இடிந்த வீடு. தொடர்மழையில் ஊறிய மண்சுவர், பழைய காரை வீடு, ஓட்டு வீடு ஆகியவைதான் உங்கள் பக்கம் விழும். கான்கிரீட் தளம் விழுந்தால் அது சரிந்து நிற்கிற விதத்தில் அடியில் முக்கோணமாக இடைவெளி கிடைக்கலாம், அதற்குள் ஆள் உயிரோடு இருக்கலாம். மண்சுவர் அப்படி இடம் விடாது. மூக்கையும் வாயையும் மண் அடைத்துவிடும், நெஞ்சை அமுக்கிவிடும். அதனால் மண் வீடு என்றால் நிமிடங்கள்தான் கணக்கு. முதலில் முகத்தை, பிறகு நெஞ்சைக் கையாலேயே விடுவியுங்கள், கால் கிடக்கட்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் ஆள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

சுவர் விழுந்ததும் நம் ஊரில் எழும் முதல் சத்தம் ‘ஜேசிபியக் கூப்பிடு’ என்பதுதான். எனக்கு இதில் கடுமையான கருத்து உண்டு. உயிரோடு ஆள் இருக்கலாம் என்ற நிலையில் இடிபாட்டின் மேல் ஜேசிபி ஏறக் கூடாது. அதன் எடையும் அதிர்வும் அடியில் மிச்சமிருக்கும் இடைவெளியை மூடிவிடும். மீட்பு வேலைக்கு உலகம் முழுக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சுற்றிப் பார்த்து நிலைமையை அறிவது. பிறகு மேலே கிடப்பவர்களை எடுப்பது. பிறகு இடைவெளிகளுக்குள் தேடுவது. பிறகு ஆள் இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில் மட்டும் பார்த்துப் பார்த்து அகற்றுவது. யாரும் உயிரோடு இல்லை என்று உறுதியான பிறகுதான் மொத்தமாக அள்ளுவது. ஜேசிபி கடைசிக் கட்டத்துக்கானது. அதற்கு முன்னால் அது தேவைப்பட்டால், எட்ட நின்று ஒரு தளத்தையோ தூணையோ சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. 2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் விழுந்து 61 பேர் இறந்தபோது, நாட்கள் கழித்தும் உயிரோடு ஆள் எடுக்கப்பட்டார். முதல் மணி நேரத்திலேயே வாரி அள்ளியிருந்தால் அது நடந்திருக்காது.

தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், அமைதி வேண்டும். சுற்றி நிற்கும் கூட்டத்தை அடக்கி, வண்டிகளை நிறுத்தி, செல்போன்களை வாயடைத்து, ஆறு பேர் வட்டமாக நின்று ஒருவர் மட்டும் ‘உள்ளே யாராவது இருந்தால் தட்டுங்கள்’ என்று கத்திவிட்டு எல்லோரும் காது கொடுக்க வேண்டும். சத்தம் வந்தால் ஒவ்வொருவரும் அது வந்த திசையைக் கையால் காட்ட வேண்டும். கைகள் சந்திக்கும் இடம் தோராயமாகத் தெரிந்துவிடும். இதற்கு விசில் சைகைகள் உலகம் முழுக்க ஒன்றுதான், அவற்றையே பழகிக்கொள்ளுங்கள்: நீளமாக ஒன்று என்றால் அமைதி, வேலையை நிறுத்து. நீளமாக ஒன்றும் குட்டையாக ஒன்றும் என்றால் வேலையைத் தொடரலாம். குட்டையாக மூன்று, திரும்பத் திரும்ப வந்தால், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடு. நாளைக்கே வெளியூர் மீட்புப் படை வந்து உங்களோடு நின்றாலும் சைகையில் குழப்பம் வராது.

கனமான தளத்தையோ உத்திரத்தையோ தூக்க வேண்டியிருந்தால், லாரி ஜாக்கியும் நான்கு அங்குலச் சதுர மரக்கட்டைகளும் போதும். இரண்டு இரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு அங்குலம் தூக்கினால் ஒரு அங்குலம் கட்டை உள்ளே போக வேண்டும். ஜாக்கி வழுக்கினாலும் பாரம் கட்டையின் மேல்தான் உட்காரும். அடுக்கின் உயரம் அதன் அகலத்தைப்போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. கையை அடியில் விடாமல், இன்னொரு கட்டையால் தள்ளி வைக்கப் பழகுங்கள். இதற்கு உங்கள் ஊர் கொத்தனாரையும் தச்சரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. முட்டு கொடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பது அந்த வீட்டைக் கட்டியவருக்குத்தான் தெரியும்.

காலோ தொடையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்தவரிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். பாரத்தை எடுத்த உடனே, நசுங்கிய தசையில் சேர்ந்த பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். பேசிக்கொண்டே இருந்தவர் வெளியே எடுத்த ஐந்து நிமிடத்தில் இறந்துபோவதற்குக் காரணம் இதுதான். 108 ஆம்புலன்ஸ் ஆட்களோ மருத்துவரோ வந்து சலைன் ஏற்றத் தொடங்கிய பிறகு எடுப்பதே முறை. மேலும் இடியும் ஆபத்து, தண்ணீர் ஏறுகிறது என்ற நிலை வந்தால் காத்திருக்க முடியாது, அப்போது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது விஷயத்தைப் பேரிடர் பயிற்சிகளில் பெரும்பாலும் ஓரமாக விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் உங்கள் குழு சந்திக்கப்போகும் முதல் அழைப்பு வெள்ளமாக இருக்காது. செப்டிக் டேங்க்காகவோ பாழுங்கிணறாகவோ இருக்கும். தமிழ்நாட்டில் இந்தச் சாவுகள் ஒரே மாதிரி நடக்கின்றன. உள்ளே இறங்கியவர் சத்தமில்லாமல் சரிகிறார், தூக்கிவிட அடுத்தவர் இறங்குகிறார், பிறகு அவருடைய அண்ணனோ தம்பியோ. மூடிய இடங்களில் நடந்த சாவுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம், இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-லேயே எழுதியது.

காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து, இன்னும் குறைந்தால் மயக்கம் வருவதே தெரியாமல் விழுவார்கள். கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்ப நாத்தம் கொறஞ்சிருச்சு, எறங்கலாம்’ என்று சொல்கிற நேரம்தான் மிகக் கொடிய நேரம். கிணற்றுக்குள் விளக்கு இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் குறைவை ஓரளவு காட்டும். ஆனால் விஷ வாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் பற்றவும் வைத்துவிடும். துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. கொரோனா காலத்து முகக்கவசமும் அப்படியே.

எனவே உங்கள் விதி ஒன்றுதான்: குழுவில் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மேலே நின்று செய்யக்கூடியவை உண்டு. மற்றவர்கள் இறங்காமல் தடுப்பது, அதாவது அழுதுகொண்டு ஓடிவரும் சொந்தக்காரர்களை இரண்டு பேர் கட்டிப் பிடித்து நிறுத்துவது. எல்லா மூடிகளையும் திறப்பது. ப்ளோயர் இருந்தால் நல்ல காற்றை உள்ளே செலுத்துவது. நினைவோடு இருப்பவருக்குச் சுருக்கு வைத்த கயிற்றை இறக்குவது. மூச்சுக்கருவி மாட்டிய தீயணைப்பு வீரர்கள் வரும்வரை இவ்வளவுதான். கேட்கக் கடினமாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டித் தடுக்கிற வேலைக்குத்தான் உண்மையான பயிற்சி தேவைப்படுகிறது, நாடகம்போல நடித்துப் பார்த்துப் பழகுங்கள்.

தேடலில் பாதி வேலை காகிதத்தில் நடக்கிறது. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் படுத்த படுக்கை, யார் நிறைமாதம், யாருக்கு டயாலிசிஸ், எந்த வீட்டில் காது கேட்காத பாட்டி தனியாக இருக்கிறார் என்ற பட்டியல் கையில் இருந்தால், முதல் படகு எந்தத் தெருவுக்கு என்ற சண்டையே வராது. இந்தத் தகவல் உங்கள் இளைஞர்களைவிட மகளிர் குழுப் பெண்களுக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் நன்றாகத் தெரியும். குழுவில் பெண்கள் இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ராத்திரியில் தனியாக இருக்கும் பெண்ணும் கைப்பிள்ளைக்காரியும் முகம் தெரியாத ஆண்கள் வந்து கூப்பிட்டால் படகில் ஏறத் தயங்குவார்கள்.

தேடி முடித்த வீட்டின் வாசலில் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ குறி போட வேண்டும்: தேதி, நேரம், குழுவின் பெயர், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், உள்ளே என்ன ஆபத்து. இல்லையென்றால் ஒரே வீட்டை மூன்று குழு தேடும், அடுத்த வீட்டை யாரும் தேடமாட்டார்கள். மீட்கப்பட்டவர் எந்த முகாமுக்குப் போனார் என்றும் எழுதுங்கள். மாமா வீட்டு மாடியில் பத்திரமாக இருப்பவரைத் தேடி இரண்டு நாள் ஆற்றில் அலைவது இந்த ஒரு வரி எழுதாததால்தான்.

முதலுதவியில் மூன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவது. மூச்சும் நாடியும் நின்றவருக்கு நெஞ்சழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஐந்து செ.மீ. ஆழம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. நீரில் மூழ்கியவருக்கு மட்டும் மூச்சு கொடுப்பதில் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவருக்குக் குறைந்தது காற்று. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டும் நேரத்தை வீணாக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போகவும் வைக்கும். மூன்றாவது, பலர் ஒரே நேரத்தில் கிடக்கும்போது யாரை முதலில் அனுப்புவது என்று சிவப்பு (உடனே), மஞ்சள் (சற்றுப் பொறுக்கலாம்), பச்சை (சின்னக் காயம்), கறுப்பு (இறந்தவர், பிழைக்க வழியில்லாதவர்) எனப் பிரிப்பது. கத்துகிறவரிடம் எல்லோரும் ஓடுவார்கள். சத்தமில்லாமல் கிடப்பவர்தான் பெரும்பாலும் சிவப்பு. வெள்ளத்தோடு பாம்பும் வரும். கடித்த இடத்தைக் கீறாமல், கட்டு இறுக்காமல், அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

யாரிடம் கற்பது? உள்ளூர்த் தீயணைப்பு மற்றும் மீட்பு நிலையத்தில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அவர்கள் ஊர் ஊராகச் செயல்விளக்கம் நடத்துகிறார்கள். பிளாஸ்டிக் குடம், வாழைத்தண்டு, காலி டிரம் கொண்டு மிதவை கட்டுவதைக் காட்டுவார்கள். நல்ல விஷயம், ஆனால் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தால் ஒன்றும் சேராது. நிலைய அலுவலரைப் பார்த்து, எங்கள் ஆட்களே செய்கிறோம், நீங்கள் நின்று திருத்துங்கள் என்று கேளுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்தா மித்ரா’ திட்டம் 2016-இல் 30 மாவட்டங்களில் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்று விரிந்தது. பன்னிரண்டு நாள் பயிற்சியும், லைஃப் ஜாக்கெட் உள்ளிட்ட உபகரணப் பையும், காப்பீடும் அதில் இருந்தன. இப்போது அதுபோன்ற பயிற்சி நடக்கிறதா, உங்கள் குழுவில் சிலராவது அதில் இடம் பெற முடியுமா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். அரக்கோணம் பட்டாலியனும் மாவட்டங்களுக்கு வந்து ஊர்மக்களுக்கும் மாணவர்களுக்கும் பயிற்சி தருகிறது. அதற்கும் வழி ஆட்சியர் அலுவலகம்தான். தாசில்தாரிடம் உங்கள் பெயர்ப் பட்டியலையும் எண்களையும் கொடுத்து முதல்நிலை மீட்பாளர்களாகப் பதிந்துகொள்ளுங்கள். பதியாத குழுவை நெருக்கடி நேரத்தில் காவல்துறை கூட்டத்தோடு கூட்டமாக விலக்கிவிடும்.

ஊருக்குள்ளேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பனையேறிகள் இல்லாத ஊரா உங்கள் பக்கம்? உயரத்தில் உடம்பைத் தாங்குவதும் கயிற்றை நம்புவதும் அவர்களுக்குக் கைவந்தது. பவ்லைன், எட்டு முடிச்சு, குளோவ் ஹிட்ச் மூன்றையும் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை பழகினால் போதும், முப்பது முடிச்சு தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

பயிற்சியைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை அது மறந்துபோவது. சான்றிதழ் வாங்கி, டீசர்ட் போட்டுப் படம் எடுத்து, அடுத்த மழைக்கு முன் எல்லாம் ஆவியாகிவிடுகிறது. நெஞ்சழுத்தம் கொடுக்கும் திறன் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே மாதம் ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம், ஒரே ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கயிறு எறிதல், ஒரு மாதம் கட்டை அடுக்குதல், ஒரு மாதம் ஸ்ட்ரெச்சர் தூக்குதல். ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு மூங்கிலும் ஒரு கோணிச் சாக்கும் போதும். ஆனால் ஆறு பேர் அரை கிலோமீட்டர் சேற்றில் தூக்கிப் பார்த்தால்தான் அது என்ன வேலை என்று தெரியும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டை, கயிற்றின் நார், டார்ச் பேட்டரி மூன்றையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் குழுவில் எல்லோரும் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெள்ள நீரில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள். உடல்களை எடுக்க நேர்ந்த பிள்ளைகளை அன்றிரவு தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கூட உட்கார்ந்து சாப்பிட வையுங்கள், பேச வந்தால் பேச விடுங்கள். வாரங்கள் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். இது பலவீனம் என்று யாராவது சொன்னால் தலைவர் அங்கேயே தடுக்க வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் ஓர் ஒத்திகை வையுங்கள். பகலில் வேண்டாம், ராத்திரியில் வையுங்கள். 2023-இல் செல்போன் கோபுரங்கள் செயலிழந்து பல ஊர்கள் மூச்சுபேச்சு இல்லாமல் கிடந்தன. அதனால் அன்றைக்கு எல்லோருடைய போனையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். கோயில் மணியோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ மாதா கோயில் மணியோ, எது ஊருக்குக் கேட்கிறதோ அதுதான் அழைப்பு. எத்தனை நிமிடத்தில் எத்தனை பேர் எங்கே கூடினார்கள், யாரிடம் லைஃப் ஜாக்கெட் இருந்தது, பட்டியலில் உள்ள படுக்கை நோயாளிகளின் வீட்டுக்கு யார் முதலில் போனார்கள் என்று எழுதுங்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் தாசில்தாரையும் தீயணைப்பு நிலைய அலுவலரையும் போய்ப் பாருங்கள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண், அதையும் வீட்டுக்கு வீடு சுவரில் எழுதி வையுங்கள். படகு வாங்கலாமா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு உங்கள் குழுவே பதில் சொல்லிவிடும்.